ஏழாங்கட்டைப் புனிதவதி தேர்தலில் நிற்காமல் போனது

வீடாம், வீடு! ஒரு கட்சிக்காரன் புனிதவதிக்குச் செகிஞ்சானில் வீடு வாங்கிக் கொடுத்தானாம், அதை வாங்கிக்கொண்டு அவள் வேட்புமனுவை வேணுமென்றே கெடுத்துவிட்டாளாம். எந்த வாய் இதைச் சொல்லுது? தேவதாஸ் கடைக்கு ரொட்டி வாங்கப் போய், கையில் இருக்கிற ரொட்டி காய்கிற வரைக்கும் நகராமல் நிற்கிற வாய்தானே? சொல்கிறவர்களில் ஒருத்தராவது செகிஞ்சானுக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்தது உண்டா? மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பகலெல்லாம் அரிசி ஆலையில் நின்றபடியே பொட்டலம் ஒட்டுகிறாள். இதுதான் உங்கள் மாளிகை.

"தப்புப் பண்ணலைன்னா அவ ஏன் வாயைத் திறக்கல?" என்று தேவதாஸ் கேட்கிறான். அது கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். இத்தனை நாள் சொல்ல முடியாமல் கிடந்த பதில் அது. இப்போது மண்டோர் வீரன் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே மிச்சமிருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் புதுவீட்டு லிஸ்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இனி மூடி வைத்து யாரைக் காப்பாற்ற? ஆகவே குறுக்கே பேசாமல் கேளுங்கள். பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

புனிதவதி இந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா நல்லம்மாள் களை பிடுங்கினவள். அப்பா மருந்தடிக்கிற வேலையில் இருமி இருமியே போனவர். அவர் முகம் புனிதவதிக்குப் போட்டோவில்தான் தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், ஜெராமில் ஐந்து வருஷம் படித்தாள். அப்புறம் கம்பெனி பஸ் ஏறிப் போய்க் கிள்ளானில் டிவிக்குள்ளே வைக்கிற சாமான் பொருத்தினாள். இரண்டு தடவை பெண் கேட்டு வந்தார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றாள். இரண்டு பேரும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவள் அதற்காக அழுததாக யாரும் பார்க்கவில்லை. நாற்பது வயதில் ஒரு பழைய வேன் வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போக ஆரம்பித்தாள்.

அந்த வேன்தான் அவளுக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தது. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் ரோடு. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி போய்ப் போய், குழியில் ஆடு விழுந்தால் கொம்பு மட்டும்தான் தெரியும். கடல் ஏறுகிற நாளில் சாக்கடைத் தண்ணி ரோட்டுக்கு வந்துவிடும். எந்தக் குழி எந்த மாதம் எவ்வளவு ஆழம் என்று அவளுக்கு மனப்பாடம். குப்பை லோரி உள்ளே வராது. தெருவிளக்கு கிடையாது. அவரவர் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்துவார்கள். வேனில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் புகை நாற்றத்தோடுதான் ஏறும்.

இதெல்லாம் பழகிப்போன சங்கதி. பழகாதது நல்லம்மாள் சாவு.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நல்லம்மாள் துணி காயப்போட்டவள் அப்படியே கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு அடைக்குது என்றாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது, இருபது நிமிஷத்தில் வந்தது. ஆனால் தோட்டத்துக் கேட்டில் இரும்புக் கம்பி. குலை திருடுகிறவர்களுக்காகப் போட்டது. சாவி ஆபீஸில். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி இல்லை, வெளியே போயிருக்கிறார். புனிதவதியின் வேன் அன்றைக்குப் பார்த்து டயர் மாற்ற ஜெராமில் நிற்கிறது. கடைசியில் குலை இழுக்கிற டிராக்டர் பின்வண்டியில் பாயைப் போட்டு, நல்லம்மாளைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு மகள் போனாள். மூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு குழிக்கும் உதிரிப் பழம் உருண்டு வந்து கிழவி காலில் இடித்தது. "மெதுவாப் போகச் சொல்லுடி, வலிக்குது," என்றாள் நல்லம்மாள். புனிதவதி, "வேகமாப் போங்கண்ணே," என்று கத்தினாள். கேட்டுக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் ஆள் குனிந்து பார்த்துவிட்டு, இறக்கி வைத்திருந்த ஸ்ட்ரெச்சரை மடக்கினார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் நகராட்சி ஆபீஸுக்குப் போனாள். அங்கே ஒரு அதிகாரி, நல்ல மனுஷன்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அக்கா, அது தோட்டத்து ரோடு. தனியார் நிலம். நாங்க ஒரு கல்லு போட்டாலும் எங்களைக் கேள்வி கேப்பாங்க," என்றார். அங்கிருந்து தோட்டத்து மேனேஜரிடம் போனாள். அவரும் நல்ல மனுஷன்தான். "லயத்தை இடிக்கப் போறோம், உங்களுக்கெல்லாம் புதுவீடு வரப்போவுது. இடிக்கப் போற இடத்துக்கு ரோடு எதுக்கும்மா?" என்றார். எப்போது இடிப்பீர்கள் என்று கேட்டாள். அது மேலிடம் சொல்ல வேண்டியது என்றார். அந்த மேலிடம் பதினொரு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

வேன் கதவில் சாய்ந்துகொண்டு இதை அவள் கங்காவிடம் சொன்னாள். கங்கா பக்கத்து வீட்டுக்காரி; அவள் மகள் வேனில் முன்சீட்டில் போகிற பிள்ளை.

"அந்த நகராட்சித் தலைவரை ஓட்டுப் போட்டுத் தூக்கிடணும்," என்றாள் கங்கா.

"அவரை யாருடி ஓட்டுப் போட்டு வெச்சா, நீ தூக்க? நம்ம நாட்டுல அது இல்லலா. அந்தத் தேர்தலை நிறுத்தி அறுபது வருஷம் ஆகப் போவுது. மேலேருந்து போடுற ஆளு அவரு."

"அப்ப மேலே போய் உக்காரு நீ."

விளையாட்டாய்ச் சொன்னதுதான். ஆனால் அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. கங்கா சொன்னதை இன்னொருத்தி சொன்னாள், அதை ஒருத்தன் தேவதாஸ் கடையில் சொன்னான், ஒரு வாரத்துக்குள் லயமே அவளைச் சுயேச்சையாக நிறுத்திவிட்டது. முதலில் கைதட்டினவன் தேவதாஸ்தான், இதையும் மறந்துவிடாதீர்கள்.

கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். புனிதவதி பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தாள். "ரோடு யாருதுன்னு முதல்ல சட்டத்துல எழுதணும். மனுசன் குடியிருக்கிற இடத்துக்குப் போற ரோடு, நிலம் யாருதா இருந்தாலும் ஆம்புலன்ஸும் குப்பை லோரியும் போற ரோடா இருக்கணும். நான் போய் அதைத்தான் கேப்பேன். அது நடந்தாதான் மத்தது," என்றாள். அப்புறம் ஜெராம் மீனவர்களுக்குப் படகுத்துறைச் சாக்கடை, கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்களுக்குக் கடல் தண்ணியைத் தடுக்கிற மதகு, கோலசிலாங்கூருக்கு மணிக்கு ஒரு பஸ். அவ்வளவுதான் நோட்டில் இருந்தது.

"வீடு? வீட்டைப் பத்தி ஒண்ணும் இல்லையே?" என்றார் ஒருவர்.

"வீடு வாங்கித் தர்றேன்னு சொல்ல மாட்டேன். பதினோரு வருஷமா எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. லிஸ்டு எங்க, எப்பன்னு கேட்டுச் சொல்றேன்."

"இப்படிப் பேசினா எவன் ஓட்டுப் போடுவான்?" என்றான் தேவதாஸ்.

"நீ போடு, போதும். பாக்கியைப் பொறவு பாக்கலாம்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு. டெபாசிட்டுக்கு அவள் அம்மாவின் சங்கிலியைத்தான் அடகு வைத்தாள்; ஊரார் பணம் ஒற்றை வெள்ளி அதில் கிடையாது. பகலில் வேன் ஓட்டினாள், மாலையில் அதே வேனில் மீன்கடைக்கும் கம்பத்துக்கும் போனாள். ஜெராமில் மீன் காயவைக்கிற மலாய்க்காரி ஒருத்தி அவள் பேச்சை முழுசாய்க் கேட்டுவிட்டு, "நீ ஜெயிக்க மாட்டே, ஆனா வந்து கேட்டியே," என்று ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பினாள். ஜெயிப்போம் என்று புனிதவதியும் நம்பவில்லை. நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் நின்று, அந்த ரோட்டைப் பற்றி ஒரு தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அவள் பெயர் ஓட்டுச் சீட்டில் இருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இப்போது மண்டோர் வீரன் கதைக்கு வருவோம்.

எழுபத்தாறு வயது. ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வேலை விட்டு இருபது வருஷம் ஆகியும் பேர் போகவில்லை. கோயில் தலைவர். ஆடித் திருவிழாவில் முதல் வேட்டி அவர் தோளுக்குத்தான். கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை அவருக்கு, பிள்ளை பிறந்தால் முதல் சர்க்கரை அவர் வாயில். இந்தத் தோட்டத்தில் எது தொடங்கினாலும் அவர் கை பட்டுத்தான் தொடங்கும். அவரைத் தாண்டி இன்னொருவரிடம் போனால் அது அவமரியாதை இல்லை, அதற்கும் மேலே.

இன்னொன்றும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு காகிதம் அனுப்பியது. யாருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தோட்டத்து விலாசம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் புதுவீடு, மாறிப் போனவர்களுக்கு இல்லை. அன்றைக்கு வீரன்தான் எல்லாரையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, மாரியம்மன் முன்னால் நின்று, "லிஸ்டு போடுற வரைக்கும் ஒருத்தரும் விலாசத்தை மாத்தப்படாது. மாத்தினா இந்தக் கோயில் வாசல் அவனுக்கு இல்ல," என்றார். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அந்தச் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். மகன் வீட்டுக்குப் போக நினைத்தவர்கள் போகவில்லை. ஒருத்தி பேரப்பிள்ளை முகம் பார்க்க மாசத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் வந்தாள், விலாசத்தை விடவில்லை.

ஆகவே வேட்புமனுவில் முன்மொழிகிற கையெழுத்து யாருடையது என்ற பேச்சே எழவில்லை. வழிமொழிய ஜங்ஷனில் நூடுல்ஸ் வறுக்கிற மீ கோரெங் கடை வைத்திருக்கிற சீனி முகம்மது பாய். மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் திவாகரன், கோலசிலாங்கூரில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிற பையன். கோயில் பதிவுக்காக எடுத்து வைத்திருந்த பழைய ஐசி நகலைப் பார்த்து வீரனுடைய எண்ணை எழுதினான். நகலில் தோட்டத்து விலாசம்தான் தெளிவாக இருந்தது.

"அக்கா, பெரியவரோட நம்பரைப் போன்ல ஒரு தட்டு தட்டிப் பாத்துடவா? ஓட்டு இங்கதான் இருக்கான்னு?" என்றான். பாயுடைய எண்ணை அப்படித்தான் பார்த்திருந்தான்.

வீரன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் வெற்றிலை. தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

புனிதவதிதான் அவன் கையைப் பிடித்தாள். "மண்டோர் பெரியப்பாவையா தட்டிப் பாக்குறது? போனை உள்ள வை தம்பி. ஊரு சிரிக்கும்."

அவ்வளவுதான். அவள் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இந்த லயத்தில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நெஞ்சில் கை வைத்து இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மனு கொடுக்கிற நாள் சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் ஒரு மணி நேரம்தான் கெடு. மண்டபத்துக்கு வெளியே போலீஸ் கம்பித் தடுப்புப் போட்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் உறுமி மேளத்தோடு நின்றார்கள். உள்ளே போக மூன்று பேருக்குத்தான் கழுத்தில் தொங்குகிற பாஸ்: புனிதவதி, வீரன், பாய். பெரிய கட்சிக்காரர்கள் கூட்டம் வழியை மறித்ததைத் தாண்டி, வரிசையில் நின்று, அவள் மேசைக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது.

அதிகாரி பெண் எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். வீரனிடம் ஐசியைக் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். புத்தம் புதுசு.

"அம்மா, இவருக்கு இந்தத் தொகுதியில ஓட்டு இல்ல. கிள்ளான் பக்கம் இருக்கு. இவரு முன்மொழிய முடியாது."

புனிதவதி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். கிள்ளானில் ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டு விலாசம். வீரன் முகத்தைப் பார்த்தாள். எழுபத்தாறு வயது மனுஷன், வழி தவறின கன்றுக்குட்டி மாதிரி விழித்தார்.

"மகளுக்காக, தாயி," என்றார். "மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிட்டான். மூணு பிள்ளைங்க. பெரியவங்க கூட இருந்தா மலிவு வீடு சீக்கிரம் குடுப்பாங்கன்னா. கையெழுத்துப் போட்டேன். ஓட்டையும் சேத்து மாத்திட்டாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஓட்டு இங்கதான் இருக்குன்னு நெனச்சேன்."

அதிகாரி பெண்ணுக்கு இரக்கம் வந்தது போல. "பத்து மணிக்குள்ள வேற வாக்காளரைக் கூட்டியாந்தா புதுப் பாரத்துல எழுதித் தாங்க. நான் வாங்கிக்கிறேன்," என்றாள்.

பாய் அறுபது வயதில் ஓடினார். தடுப்புக்குப் போய், "கங்கா, வாம்மா சீக்கிரம், ஒரு கையெழுத்து வேணும்!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்ன, ஏது என்று நாலு பக்கமும் கேட்டார்கள். பாய் வாயைத் திறக்கவில்லை. கங்கா தடுப்பைத் தாண்டினாள், போலீஸ்காரர் பாஸ் எங்கே என்றார். பாஸ் வீரன் கழுத்தில். பாய் மறுபடி உள்ளே ஓடினார். அதற்குள் வீரன் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். புனிதவதி அவர் பக்கத்தில். அவர் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா கோயில் வாசல் எனக்கு இல்ல. அது கூடப் போவட்டும். உங்க தலைவரே போயிட்டாரேன்னு கம்பெனிக்காரன் எல்லாரையும் லிஸ்டுலேருந்து அடிச்சுடுவான், தாயி. எல்லாரையும்."

அது உண்மை. அதுதான் வேதனை. கம்பெனி வக்கீல் அப்படி ஒரு ஓட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தார், அது எல்லாருக்கும் தெரியும். கட்டுப்பட்டு இருந்தவர்களும், மண்டோரே மாறிவிட்டார், நமக்கென்ன என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

பாய் அவர் கழுத்திலிருந்து பாஸைக் கழற்றினார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு ஓடி, கங்காவைக் கூட்டிக்கொண்டு, சோதனையெல்லாம் முடிந்து கதவுக்கு வந்தபோது, உள்ளேயிருந்து ஒரு ஆள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பத்து மணி.

வெளியே மேளம் நின்றது. புனிதவதி வந்து தடுப்புக்கு முன்னால் நின்றாள். வீரனைப் பாய் தோளில் தாங்கிப் பின்னால் கூட்டி வந்தார்.

"பாரத்துல ஒரு தப்பு. என் கவனக்குறைவு. வேற யாரும் இதுக்குப் பொறுப்பு இல்ல," என்றாள்.

திவாகரன் தன் போனை எடுத்து வீரனுடைய எண்ணைத் தட்டினான். பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்று மாலையே தேவதாஸ் கடையில் ஆரம்பமாகிவிட்டது. "கடைசி நேரத்துல கையெழுத்து வேணும்னு பாய் ஓடியாறாரு. இத்தனை நாளு இவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?" என்றார் ஒருத்தர். "மறந்துட்டாளாம்!" என்றார் இன்னொருத்தர். "மறக்குறதுக்கு எவ்வளவு குடுத்தானோ," என்றான் தேவதாஸ். அவ்வளவுதான், அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது.

பாய் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவளிடம் வந்தார். "தங்கச்சி, நான் சொல்லிப்புடுறேன். ராத்திரி சோறு எறங்கல."

"சொன்னா லிஸ்டு போயிடும் பாய்."

"உன் பேரு போவுதே?"

"என் பேரை வெச்சு நாப்பத்திரண்டு பேரு குடியிருக்க முடியுமா? வேணாம். அல்லாவுக்குத் தெரியும்னு சொல்லுவீங்களே, அவருக்குத் தெரிஞ்சா போதும்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் போதவில்லை. யாருக்குத்தான் போதும்? அவள் காத்துக்கொண்டிருந்தாள். வீரன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். 'அந்தப் புள்ளை மேல தப்பு இல்ல' என்று ஒரு வார்த்தை. காரணம் கேட்காமலே ஊர் அதை எடுத்துக்கொள்ளும்; அந்த வாய்க்கு அந்த மதிப்பு இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வாசலில் காது வைத்துக் கிடந்தாள்.

ஆடித் திருவிழா வந்தது. வழக்கம்போல் முதல் வேட்டியை வீரன் தோளில் போட்டார்கள். அவர் தோள் அதைத் தாங்க மாட்டாமல் ஒரு பக்கம் சரிந்தது. புனிதவதி கூட்டத்தில் பின்னால் நின்றாள். "வழி விடுங்கப்பா, வைபி அம்மா வந்திருக்காங்க," என்றான் ஒருவன், சட்டமன்றக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரியே. "கட்சிக்காரன்கிட்டேருந்து வேட்டி வந்திருக்கா வைபி?" என்றான் இன்னொருவன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வீரன் காதில் விழுந்தது. விழாமல் இல்லை. திரும்பினார், வாயைத் திறந்தார். உதடு இரண்டு தடவை ஆடியது. புனிதவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திருநீற்றுத் தட்டை எடுத்து, அவளிடம் வந்து, ஒரு சிட்டிகை அவள் உள்ளங்கையில் போட்டார். பாதி கீழே சிந்திவிட்டது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, துரோகிக்கும் துண்ணூறு குடுக்குறாரு. அதான் பெரிய மனுசன்," என்றாள் ஒரு கிழவி. யார் என்று கேட்காதீர்கள், அவளும் இப்போது வெட்கப்படுகிறாள்.

அதற்கப்புறம் வேன் குறைய ஆரம்பித்தது. பதினாலு பிள்ளைகள் பத்தானது, பத்து ஆறானது. கடைசியில் கங்காவே வந்தாள். செருப்புக் காலோடு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"நாளையிலேருந்து புள்ளையை எங்க வீட்டுக்காரர் மோட்டார்ல கொண்டுபோய் விடுறேங்குறாருக்கா."

"ம்."

"நான் நம்பலக்கா. எல்லாரும் பேசும்போது நான் ஒருத்தி என்ன சொல்றது? நானும்தானே அன்னைக்கு ஓடியாந்தேன். எதுக்கு ஓடினேன்னே எனக்குத் தெரியலையே. நீயாவது சொல்லேன்."

புனிதவதிக்குச் சொல்வதற்கு வாய் வந்தது. கங்காவுக்குச் சொன்னால் கங்காவின் வீட்டுக்காரருக்குப் போகும், அங்கிருந்து தேவதாஸ் கடை, அங்கிருந்து ஆபீஸ் கிராணி. நாலே எட்டு.

"மழை வர்ற நாள்ல மோட்டார்ல அனுப்பாதே. புள்ளைக்குச் சளி பிடிக்கும்," என்றாள்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். ஜெயித்தவர் நன்றி சொல்ல ஜங்ஷன் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. அது தனியார் நிலம்.

வேனை விற்றாள். செகிஞ்சான் அரிசி ஆலை வேலையை அவளாகத்தான் தேடிக்கொண்டாள், ஒரு விளம்பரத் தாளைப் பார்த்து. தோட்டத்தை விட்டுப் போனால் லிஸ்டில் அவள் வீடும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அடுத்தவர் வீடு போகக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டவளுக்குத் தன் வீடு போவது தெரியாமல் இருக்குமா? ஆனால் தண்ணிக் குழாயில் நிற்க முடியவில்லை. அவள் போனால் பேச்சு நின்றுவிடும், குடங்கள் மட்டும் சத்தம் போடும். கோயிலுக்குப் போக முடியவில்லை. எத்தனை நாளைக்கு ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி இருப்பாள்?

போவதற்கு முதல் நாள் சாயங்காலம் வீரன் வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, ஏழு வீடு தாண்டி, எல்லாரும் பார்க்க வந்தார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நீ போவாதே தாயி. நாளைக்குக் காலையில கோயில்ல மணியடிச்சு எல்லாரையும் கூப்புடுறேன். சொல்லிடுறேன்."

இந்த வார்த்தைக்குத்தான் இத்தனை மாசம் காத்திருந்தாள். வந்தபோது அதைக் கையில் வாங்க முடியவில்லை.

"லிஸ்டு எப்பப் போடுறாங்கன்னு சொன்னாங்களா, பெரியப்பா?"

"தைக்கு அப்புறம்னாங்க."

"அப்ப இப்பச் சொல்லி என்னா செய்ய? இன்னொரு தடவை மொத்தத்தையும் கெடுக்கவா? இத்தனை நாளு நான் பட்டது எதுக்கு?"

"எனக்கு இருப்புக் கொள்ளல, தாயி."

"எனக்கும்தான்."

அவர் நின்றுகொண்டே அழுதார். அவள் அழவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டாள், கொட்டிவிடுமே என்று. எதிர் வாசலில் நின்று பார்த்தவர்கள், மண்டோர் போய்ப் புத்தி சொல்லிவிட்டு வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும். சாமிப் படத்தையும் அம்மா போட்டோவையும் துணிக்கு நடுவே வைத்துப் பையைக் கட்டினாள். அடுப்படியைக் கழுவிவிட்டாள். இடிக்கப் போகிற வீட்டை எதற்குக் கழுவுகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்த ஒருத்தி நினைத்தாள், கேட்கவில்லை. சாவியை ஆபீஸ் ஆளிடம் முதல் நாளே கொடுத்தாகிவிட்டது. வெறுங்கதவை இழுத்துச் சாத்தினாள். அது திரும்பத் திறந்துகொண்டது. இன்னொரு தடவை சாத்தினாள். நின்றது.

லயத்தில் இரண்டு வரிசையிலும் ஆட்கள் வாசலில் இருந்தார்கள். கங்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தேவதாஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். புனிதவதி செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பையைத் தோளிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு, படி இறங்கினாள்.

வெளியே கிளம்புகிற ஒருத்தியைப் பார்த்து 'எங்கே போறே' என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் விளங்காது என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. சகுனத்துக்காகக் கேட்காமல் இருந்தார்களா, கேட்க மனசில்லாமல் இருந்தார்களா, அது அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் ஒரு நொடி நின்று நின்றுதான் போனாள், யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று.